சுடிதாரில் ஒரு சாயங்காலம்: பெண்ணுடையில் முதன்முதலாக வெளியே போகிறவர்களுக்கு

அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சேலை கட்டிப் பார்க்கிற ஆண்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வரும்: இப்படியே தெருவில் நாலு அடி நடந்து பார்த்தால் என்ன? இந்தக் கட்டுரை அந்த நாலு அடிக்கானது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சென்னைக்காரருக்கு இதில் பாதி தேவைப்படாது. அங்கே எதிர் வீட்டுக்காரர் பெயரே தெரியாது. இங்கே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் உங்கள் பெரியப்பாவின் சம்பந்தியாக இருப்பார்.

அழகாகத் தெரிய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள்தான் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் இலக்கு, அந்தத் தெருவில் அந்த நேரத்தில் நடக்கும் நூறு பெண்களில் ஒருத்தியாகத் தெரிவது. உங்களுக்கு வயது 40 என்றால், 40 வயது அக்காமார் கடைவீதிக்கு என்ன உடுத்திக்கொண்டு போகிறார்களோ அதுதான் உங்களுக்கும். (அந்தக் கணக்குப்படி பார்த்தால், நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் கொங்கு நாட்டுக்கு மிகப் பொருத்தம். ஆனால் அது சொந்தத் தெருவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உடை.)

சட்டம் என்ன சொல்கிறது

ஆண் பெண்ணுடை உடுத்திக்கொண்டு தெருவில் நடப்பது குற்றம் என்று சொல்லும் சட்டப்பிரிவு எதுவும் கிடையாது. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடை, பேச்சு, நடத்தை மூலம் வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தரும் கருத்துரிமைக்குள் வரும் என்றது. அது திருநர் உரிமைக்கான வழக்கு என்றாலும், உடை விஷயத்தில் நமக்கும் தெம்பு தரக்கூடியது. 2022இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியைச் சேர்த்தது. பால்புதுமையினரை (LGBTQIA+ சமூகத்தினரை) எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்பது அதன் சாரம்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்து யாரிடமும் ஒப்பிக்க வேண்டியதில்லை. வாகனச் சோதனையில் நிறுத்தினால் கண்ணாடியை இறக்கி, உள்விளக்கைப் போட்டு, லைசென்ஸை எடுத்துக் கொடுங்கள். படத்தில் மீசை, நேரில் பொட்டு, கேட்கத்தான் செய்வார்கள். "ஆணுங்க சார், ஆசைக்கு இப்படி டிரஸ் பண்ணிட்டு வந்திருக்கேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கதை கட்ட ஆரம்பித்தால்தான் சந்தேகம் வரும். இந்த நாளில் ஒரு சொட்டுக் குடி கூட வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஊரும் நாளும்

சொந்த ஊர் வேண்டாம். பொள்ளாச்சிக்காரர் கோவைக்கும், கோவைக்காரர் ஈரோட்டுக்கும், திருப்பூர்க்காரர் கோவைக்கும் போகலாம். ஆனால் ஊர் மாறினால் மட்டும் போதாது, காலண்டரையும் பாருங்கள். முகூர்த்த நாளிலும் அதற்கு முந்தின வாரத்திலும் கோவை ஒப்பணக்காரத் தெருவில் நடந்தால், ஜவுளி எடுக்க வந்த உறவுக்காரக் கூட்டம் எதிரே வரும். கூட்டம் நமக்கு நல்லதுதான், சொந்தக்காரர் கூட்டம் மட்டும் ஆகாது.

முகூர்த்தம் இல்லாத மாதம் என்று பார்த்தால் ஆடி, மார்கழி. ஆடியில் ஒரு தொல்லை இருக்கிறது: காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று துப்பட்டாவைத் தூக்கும், விக்கைத் திருப்பும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. மாசி முடிந்துவிட்டால் ஈரோட்டு வெயில் மேக்கப்பைக் கழுத்துக்கு இறக்கிவிடும். ஆகவே என் ஓட்டு மார்கழிக்கு. குளிர் இருக்கும், கல்யாணக் கூட்டம் இருக்காது, ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், ஸ்வெட்டரோ சால்வையோ போட்டாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அகலமான தோளை மறைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

நேரம், சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டரை வரை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணியைத்தான் யோசிப்பார்கள். அது தலைகீழ்க் கணக்கு. அந்நேரத்தில் தனியாக நடக்கும் பெண்ணைத் தெருநாய் முதல் ரோந்து ஜீப் வரை எல்லோரும் பார்ப்பார்கள். ஏழு மணிக்கு கோவை கிராஸ்கட் ரோட்டில் அவரவருக்கு அவரவர் பையைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதாது.

துணி எங்கே எடுப்பது

இந்த ஒரு விஷயத்தில் நம் வட்டாரத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். திருப்பூர் காதர்பேட்டையில் லெக்கின்ஸ், ஷிம்மி, உள்ளாடை எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். வாங்குகிறவர்களில் ஆண் வியாபாரிகள் ஏராளம் என்பதால் நீங்கள் வித்தியாசமாகத் தெரிய மாட்டீர்கள். ஈரோட்டில் திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச்சந்தையும் அப்படித்தான். "யாருக்குங்க?" என்று கேட்டால், "தங்கச்சிக்குங்க, என் அளவேதான் இருப்பா" என்று சொல்லி உங்கள் மேலேயே வைத்துப் பாருங்கள்.

முதல் தடவைக்குச் சேலை வேண்டாம். கொசுவம் நழுவினால் தெருவில் நின்று சரிசெய்ய வேண்டியிருக்கும், அதற்குப் பழக்கம் வேண்டும். முழங்கால் தாண்டும் நேர்வெட்டு காட்டன் டாப், முக்கால் கை அல்லது முழுக் கை, வி கழுத்து, அடர் நிறத்தில் சின்னப் பூப்போட்டது எடுங்கள். பஃப் கை, படகுக் கழுத்து இரண்டும் தோளை இன்னும் விரித்துக் காட்டும். கீழே லெக்கின்ஸைவிடப் பட்டியாலா நல்லது, இடுப்புக்கு ஒரு பருமன் தரும். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி விட்டுவிடுங்கள்.

மார்புக்கு சிலிகான் வாங்க வேண்டும் என்றில்லை. நைலான் சாக்ஸில் கம்பு தானியத்தை நிரப்பி முடிச்சுப் போட்டால் எடையும் அசைவும் இயல்பாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று நிறுத்துப் போடுங்கள், கண்ணளவு ஏமாற்றும். அளவு சிறியதாகவே இருக்கட்டும்.

வளையல் 2.8 அல்லது 2.10 கேளுங்கள், 2.6 பெரும்பாலான ஆண்களின் கைக்குள் நுழையாது. கண்ணாடி வளையல் கைக்கு நாலு போதும். காது குத்தாதவர்களுக்கு பிரஸ் கம்மல் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டால் காது மடல் வலிக்கும். செருப்பு தட்டையாக இருக்கட்டும். பெண்கள் செருப்பு பல கடைகளில் 8ஆம் நம்பரோடு நின்றுவிடுவதால், கால் பெரியவர்கள் ஆண் பெண் இருவரும் போடும் சாதாரணத் தோல் செருப்பை எடுக்கலாம். வாங்கியதைப் போட்டு வீட்டுக்குள் ஒரு வாரம் நடந்து பழகுங்கள்.

முகமும் முடியும்

தாடி நிழல்தான் பெரிய எதிரி. வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் வைத்து, புது பிளேடில் முதலில் முடி போகும் திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் மழியுங்கள். அரைமணி நேரம் சும்மா விடுங்கள். நம் மாநிறத்துக்குக் கீழே தாடி நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். அதை அடக்குவது ஆரஞ்சு நிறம். ஆரஞ்சு கரெக்டரை, இல்லாவிட்டால் ஆரஞ்சு லிப்ஸ்டிக்கையே, மேலுதட்டிலும் தாடையிலும் விரலால் தட்டித் தட்டி மெல்லிசாகப் பரப்புங்கள். அதன்மேல் பவுடர், பிறகு ஃபவுண்டேஷன், மறுபடி பவுடர். தேய்க்கக் கூடாது, தட்ட மட்டும் வேண்டும். ஃபவுண்டேஷன் நிறத்தைக் கழுத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள். வெளுப்பாகக் காட்ட ஆசைப்பட்டால் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று நாடக மேடை மாதிரி ஆகிவிடும்.

கண்ணுக்கு மை, உதட்டுக்குப் பழுப்பு கலந்த ரோஸ், நெற்றிக்குச் சின்ன ஸ்டிக்கர் பொட்டு. புருவத்தைத் தொடாதீர்கள், திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது. மாஸ்க் இன்றைக்கும் யாருக்கும் உறுத்தாத பொருள், முதல் முறை தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

விக்குக்குக் கீழே வலைத்தொப்பி, அதற்கு மேல் பிடிமானப் பட்டை, நாலு பக்கமும் யூ பின். கருப்பு அல்லது அடர் பழுப்பில், தோளளவு முடியைப் பின்னல் போட்டோ கிளிப் போட்டோ விடுங்கள். முன்னால் கொஞ்சம் முடி விழுந்திருந்தால் நெற்றி மேட்டை மறைக்கும். ஹெல்மெட்டோடு விக் சேராது. கழற்றும்போது இரண்டும் சேர்ந்து கையோடு வரும்.

ஒத்திகை, படிப்படியாக

நேராகக் கடைவீதியில் குதிக்காதீர்கள். முதல் படிக்கு ஸ்கூட்டர் போதும். நம் ஊர்ப் பெண்கள் முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றி, முழங்கை வரை கையுறை மாட்டி, அதன்மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். அந்தக் கோலத்தில் கண்ணைத் தவிர எதுவும் தெரியாது. மேக்கப், விக் இரண்டுமே தேவையில்லை. அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அதைப் பார்த்ததுமே பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது கார். முழு அலங்காரத்தோடு அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஒரு சுற்று, நீலாம்பூர் பைபாஸில் ஒரு சுற்று. முகம் தெரியும், ஆனால் யாரும் நெருங்கி வர முடியாது. உடை மாற்றும் இடமாகக் காரை நம்பாதீர்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்ட உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடை போட்டுவிட்டது, கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். நம்பிக்கையான நண்பர் வீடு நல்லது. லாட்ஜ் என்றால் அடித்தளப் பார்க்கிங்குக்கு லிஃப்ட் நேராக இறங்கும் இடமாகப் பாருங்கள். ஊரிலேயே கூர்மையான கண் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான்.

மூன்றாவது படி, நடை. முடிந்தால் கூட ஒரு பெண் வரட்டும், மனைவியோ தோழியோ. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. துணை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்த ஒரு ஆளாவது இருக்க வேண்டும். லைவ் லொகேஷனை அவருக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அவசரத்துக்கு 112.

அந்த இருபது நிமிடம்

இடம்: கோவையில் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோடு. நடைபாதை அகலம், கடை வெளிச்சம், குடும்பக் கூட்டம். உக்கடம் பெரியகுளக் கரையும் நன்றாகத்தான் இருக்கும், காற்றில்லாத நாளில். ரேஸ்கோர்ஸ் வேண்டாம்; தினமும் அதே முகங்கள் நடக்கிற இடம், புது முகத்தைக் கவனிப்பார்கள்.

காரைவிட்டு இறங்கும் அந்த நொடியில் கால் நடுங்கும், தொண்டை வறளும். காத்திருக்காமல் இறங்குங்கள், உட்கார உட்காரப் பயம் ஏறும். பையை இடது தோளில் மாட்டி, அந்தக் கையால் வாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எங்கே வைப்பது என்ற குழப்பம் அதோடு தீர்ந்தது. வழக்கத்தைவிட ஒரு சாண் குறைத்து அடி வையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஓடுகிற ஆளைத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். மனசுக்குள் ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்: பொட்டு வாங்க வேண்டும், பூ வாங்க வேண்டும்.

பூ வாங்குவதுதான் என் சிபாரிசு. சத்தியமங்கலத்து மல்லி அந்நேரத்துக்குச் சரமாகத் தொடுத்து வந்திருக்கும். பூக்காரம்மாவிடம் பேச்சு ரெண்டே வார்த்தை: "ஒரு மொழங்க்கா." பணத்தை நீட்ட, அவர் கையால் அளந்து கொடுக்க, முடிந்தது. "இந்தா அம்மணி" என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. "வெச்சுவுடட்டுமா கண்ணு?" என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சிரித்துவிடுங்கள், இழுத்துக் குத்தினால் விக் நகரும்.

பேச வேண்டி வந்தால் கீச்சுக் குரல் வேண்டாம், அது உடனே காட்டிக்கொடுக்கும். மெதுவாக, கொஞ்சம் மூச்சுக் கலந்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இதில் நம் வட்டார "ங்க" பெரிய உதவி. "எவ்ளோங்ண்ணா?" என்று இழுத்து முடிக்கும்போது குரலின் கனம் தானாகக் குறையும்.

பணம் ரொக்கமாக, சில்லறையாக வைத்திருங்கள். ஜிபே செய்தால் உங்கள் பெயர் அங்கே போய் நிற்கும். ஆட்டோ ஆப்களிலும் அதே கதை. பெயரை மாற்றினாலும் டிரைவர் போன் செய்தால் ஆண் குரல்தானே எடுக்கும்!

இரண்டாவது நிறுத்தம் காளான் கடை. தட்டு கைக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் அவரவர் தட்டுதான் உலகம். பேக்கரி வேண்டாம், அது சிகரெட்டோடு ஆண்கள் நிற்கும் இடம். தனியாக ஒரு பெண் போய் நின்றால் பார்வை விழும்.

சாப்பிட்டதும் திரும்பிவிடுங்கள். நன்றாகப் போகிறதே, இன்னும் ஒரு தெரு என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் பவுடர் கரைய ஆரம்பித்திருக்கும்.

சிக்கலான இடங்கள்

பஸ்: சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் உங்களைப் பார்த்து இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் தர்மசங்கடம். எல்லோருக்கும் காசு வாங்கும் தனியார் டவுன் பஸ்ஸில் ஏறுவது நேர்மையும் நிம்மதியும். ரயிலில் பெண்கள் பெட்டி பக்கமே போகாதீர்கள். ரயில்வே சட்டம் 162ஆவது பிரிவின்படி அபராதம் உண்டு, அதைவிட அங்கே இருக்கிற பெண்களின் நிம்மதி முக்கியம்.

கழிப்பறைக்கும் அதே நியாயம். கிளம்புமுன் போய்விட்டு வாருங்கள். அவசரம் என்றால் ஒரே ஆள் போய்த் தாழ் போடும், ஆண் பெண் இருவருக்கும் பொதுவான கழிப்பறை உள்ள உணவகத்தைத் தேடுங்கள். மால்களிலும் தியேட்டர்களிலும் ஆண் பெண் தனித்தனிச் சோதனை வரிசை இருக்கும் என்பதால் முதல் முறை அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

திருநங்கைகள் எதிரே வந்தால் பதற வேண்டாம். அவர்கள் கண்ணுக்கு நீங்கள் யார் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். "எந்த ஜமாத்து?" (அவர்கள் சமூகக் குழுவின் பெயர் அது) என்று விசாரித்தால் உள்ளதைச் சொல்லி, மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டு நகருங்கள். அவர்கள் வாழ்க்கையையே பணயம் வைத்து உடுத்துவதை நாம் ஒரு சாயங்காலத்துக்கு உடுத்துகிறோம். கடைக்காரர் யாராவது உங்களைத் திருநங்கை என்று நினைத்து ஆசீர்வாதம் கேட்டால் ஏற்காதீர்கள்.

யாராவது கண்டுபிடித்துவிட்டால்? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். தெருக்கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவதை நோம்பிக்கு நோம்பி பார்த்து வளர்ந்த ஊர் இது, பெண்ணுடையில் ஆண் என்பது யாருக்கும் உலக அதிசயம் இல்லை. நீங்களும் லேசாகச் சிரித்துவிட்டு நடையைத் தொடருங்கள். இளவட்டங்கள் பின்னால் வந்தால் காருக்குப் போகாமல், வெளிச்சமான ஜவுளிக்கடை ஒன்றுக்குள் நுழையுங்கள். கார் நம்பர் அவர்களுக்குத் தெரிய வேண்டாம். உள்ளே நின்று நண்பருக்குப் போன் போடுங்கள்.

உண்மையான ஆபத்து தெருவைவிட போனில்தான் அதிகம். "நானும் வர்றேன், மீட் பண்ணலாம்" என்று ஆன்லைனில் பழகிய முகம் தெரியாத ஆளை முதல் நாளிலேயே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பது நடக்கிறது. மிரட்டினால் ஒரு ரூபாய் கூட அனுப்பாமல், வந்த செய்தியை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1930க்குப் புகார் செய்யுங்கள்.

திரும்பி வந்தபின்

படம் எடுத்திருந்தால் முதல் வேலையாக ஆட்டோ பேக்கப் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு டிவியில் குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது ஸ்லைடு ஷோவாக ஓடக்கூடும். மையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு முகம் கழுவுங்கள். சோப்பு மட்டும் போட்டால் இமை ஓரத்தில் ஒரு கோடு மறுநாளும் நிற்கும். நெற்றியில் பொட்டுப் பசை, கையில் வளையல் தடம், கார் சீட்டில் உதிர்ந்த மல்லி, மூன்றையும் பாருங்கள்.

விக்கைக் குளிர்ந்த தண்ணீரில் ஷாம்பு கரைத்து அலசி, துண்டில் ஒற்றி எடுத்து, அறைக்குள் நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடி வேண்டாம், பக்கத்து மாடிக்காரம்மா துணி எடுக்க வருவார். கம்பைச் சாக்ஸிலிருந்து கொட்டி வெயிலில் காயப்போட்டு வையுங்கள், வியர்வை ஈரத்தில் வண்டு பிடிக்கும். அதை மறுபடி சமையலறை டப்பாவில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.